முருக்குப் பூக்கும் பருவம்

கொழும்பின் புறநகரான நுகேகொடையில் குளிர்காலம் இல்லை. ஆகவே குளிர் விலகி வசந்தம் வருவதும் இல்லை. கொழும்பின் 1961–1990 காலச் சராசரியின்படி ஜனவரியின் வெப்பம் 26.6 பாகை செல்சியஸ், ஏப்ரலின் வெப்பம் 28.2 பாகை. மூன்று மாதத்தில் ஏறியது இரண்டு பாகைகூட இல்லை. பகலின் நீளமும் அப்படித்தான். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே இலண்டனில் ஏறத்தாழ ஒன்பது மணி நேர வேறுபாடு உண்டு. கொழும்பில் அது முக்கால் மணி நேரத்தைச் சற்றே தாண்டும்.

ஆனாலும் பெப்ரவரி பிறந்ததும் ஹைலெவல் வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒழுங்கைகளில், மதிலுக்குப் பின்னால் இருக்கும் வளவுகளில், எல்லா உயிர்களும் அவசரப்படத் தொடங்குகின்றன. மாமரம் பூத்துக் கொட்டுகிறது. குண்டுக்கரிச்சான் விடியுமுன்னே அன்ரெனாக் கம்பியின் உச்சியில் ஏறி நீளமாகப் பாடுகிறது. சில வாரங்களில் அது மரப்பொந்தையோ, மதிலில் விட்டுப்போன துளையையோ, யாரும் திறக்காத தபால் பெட்டியையோ தேடிப் பார்த்துக்கொண்டிருக்கும். மகோகனி இலையைக் கொட்டிவிட்டு உடனேயே தளிர்க்கிறது. வீதியோரத்து ரொபரோசியா மரங்கள் இளஞ்சிவப்பாகின்றன. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மரம்கூட இவ்வூரின் நாட்காட்டியைப் படித்துக்கொண்டுவிட்டது.

இந்த நாட்காட்டியை எழுதுவது முதலில் மழைதான். அதே முப்பது ஆண்டுச் சராசரியில் கொழும்பின் ஜனவரி மழை 58 மில்லிமீற்றர், பெப்ரவரியில் 73, மார்ச்சில் 128, ஏப்ரலில் 246, மே மாதத்தில் 392. வெப்பம் அசையாமல் நிற்க, மழை ஏழு மடங்காகிறது. தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்துச் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்கிறது. தென்னிந்தியச் சமவெளிக்கு ஒத்துவரும் அந்தக் கணக்கு கொழும்பில் சரிவராது. இங்கே வைகாசி என்றால் தென்மேற்குப் பருவமழை. கால்வாய்கள் நிரம்பி வழியும் காலம். தை கடைசியில் தொடங்கிச் சித்திரைப் புத்தாண்டோடு முடியும் அந்த வறண்ட, வெளிச்சம் மிகுந்த வாரங்களைத்தான் நுகேகொடையின் இளவேனில் என்று கொள்ளவேண்டும்.

அதன் முதல் அடையாளம் முள்முருக்கு. சிங்களத்தில் எரபது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியேறிய குடும்பங்களுக்கு இது வேலிக் கதியாலாகவும் கலியாண வீட்டுக் கன்னிக்காலாகவும் பழகிய மரம். வெட்டி நட்ட தடி எளிதில் வேர்விடும் என்பதால்தான் இரண்டுக்கும் அதைத் தேர்ந்தார்கள். ஜனவரி, பெப்ரவரியில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு வெறுங்கிளையின் நுனியில் குருதிச் சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது.

இலை இல்லாமல் பூப்பதில் மரத்துக்குப் பெரிய லாபம் உண்டு. வறண்ட மாதத்தில் இலை வைத்திருந்தால் அது நீரை இழந்துகொண்டே இருக்கும். இலை போய்விட்டால் நீர் மிஞ்சும். பூவும் தொலைவிலிருந்தே தெரியும். இந்தப் பூ அழைப்பது பறவைகளை. அதனால் மணம் இல்லை; பெரும்பாலான பறவைகளுக்கு மணத்தால் பூவைத் தேடும் பழக்கமில்லை. நிறம் உண்டு, கால் ஊன்றி நிற்கத் தடித்த காம்பு உண்டு, நிறையத் தேன் உண்டு. அந்தத் தேனை ருசித்துப் பார்த்தால் தண்ணீராக இருக்கும். ஆசிய, ஆபிரிக்க முருக்கு இனங்களின் தேன் நீர்த்தது. அதிலுள்ள சர்க்கரை பெரும்பாலும் குளுக்கோசும் பிரக்டோசும். அமெரிக்காவில் ஓசனிச்சிட்டுகள் நாடிவரும் முருக்கு இனங்களிலோ சுக்குரோசு மிகுதி.

ஏன் இந்த வேறுபாடு? 1980களின் பிற்பகுதியில் கார்லோஸ் மார்த்தினெஸ் டெல் ரியோ என்ற ஆய்வாளர் ஒரு விடையைத் தொட்டார். மைனாக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவையின் குடலில் சுக்குரோசைப் பிளக்கும் நொதியே இல்லை என்று அவர் காட்டினார். சீனி கலந்த நீர் அதற்குச் செரிப்பதில்லை; குளுக்கோசும் பிரக்டோசும் நேரே உடலில் சேரும். நுகேகொடை முருக்கில் காலையில் முதலில் வந்து இறங்குவது யார் என்று பார்த்தால் இது விளங்கும்: மைனாக் கூட்டம். பின்னால் காகம், கொண்டைக்குருவி, மாங்குயில், கிளி, அணில். மைனாவின் தொண்டையிலும் மார்பிலும் மகரந்தம் அப்பிக்கொள்ள, அது அடுத்த வளவு முருக்குக்குப் பறக்கிறது. கிளியும் அணிலும் பூவையே கடித்துத் துப்பிவிடுகின்றன. மரத்தடி சிவந்து கிடப்பதில் அவற்றின் பங்கு பெரிது.

தேன்சிட்டுகளும் வரும். அவற்றில் நீண்டு வளைந்த அலகுள்ள ஒன்றுக்கு லோட்டன் தேன்சிட்டு என்று பெயர். 1752 முதல் 1757 வரை ஒல்லாந்தரின் இலங்கை ஆளுநராக இருந்த யோன் ஹிடியோன் லோட்டன், கொழும்பில் இருந்தபோது பீட்டர் கொர்னேலிஸ் டி பெவெரே என்ற ஓவியரைக் கொண்டு இத்தீவின் பறவைகளை வரைவித்தார். 1766இல் லின்னேயஸ் இந்தச் சிட்டுக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது அந்த ஆளுநரின் பெயரே வந்து ஒட்டிக்கொண்டது. அவர் ஆண்ட நகரில், அவர் பார்த்த அதே இனம், இன்றும் செவ்வரத்தம் பூவின் அடியைத் துளைத்துத் தேன் குடிக்கிறது.

முருக்குக்கு ஒரு பகை வந்திருப்பதையும் சொல்லவேண்டும். ஒன்றரை மில்லிமீற்றர் அளவே உள்ள ஒரு குளவி. 2004இல்தான் அறிவியல் அதற்குப் பெயரிட்டது. தளிரிலும் இலைக்காம்பிலும் முட்டையிடும். புழு உள்ளே வளர, இலை கொப்புளம் கொப்புளமாக வீங்கிச் சுருண்டுவிடும். தாய்வான், சிங்கப்பூர், மொரீசியஸ் என்று சில ஆண்டுகளில் பரவி, 2005இல் ஹவாயை அடைந்தது. தென்னிந்திய, இலங்கை முருக்குகளிலும் இந்தக் கொப்புளங்கள் வந்தன. ஹவாயில் தன்சானியாவிலிருந்து அதன் இயற்கை எதிரியான இன்னொரு குளவியைக் கொண்டுவந்து, ஆய்வுகளுக்குப் பின் 2008இல் விட்டார்கள். அங்கே மரங்கள் ஓரளவு மீண்டன. கொழும்புப் புறநகரில் ஒரு முருக்கு பூக்காமல் போனால் அதற்குக் காரணம் வெய்யிலும் மழையுமாக மட்டும் இருக்கவேண்டியதில்லை. இலையைத் திருப்பிப் பார்க்கவேண்டும்.

முருக்கோடு சேர்த்து இவ்வூர் எதிர்பார்ப்பது குயிலை. ‘கொஹா’ கூவினால் புத்தாண்டு வருகிறது என்பது சிங்களவர் தமிழர் என்ற பேதமில்லாமல் எல்லா வீட்டிலும் சொல்லப்படுவது. குயில் எங்கிருந்தும் வருவதில்லை. ஆண்டு முழுவதும் இங்கேயே, அடர்ந்த இலைகளுக்குள் பழம் தின்றுகொண்டு வாய்மூடி இருக்கிறது. கூவுவது ஆண் பறவை: பளபளக்கும் கறுப்பு, சிவந்த கண். பெண் பறவை பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்டது. அதன் குரல் ‘கிக்-கிக்-கிக்’ என்ற விரைந்த கத்தல்தான். பார்த்தவர்கள்கூட அதைக் குயில் என்று நம்புவதில்லை.

கூவலின் நேரத்தைத் தீர்மானிப்பதில் காகத்துக்கும் பங்குண்டு. குயில் கூடு கட்டுவதில்லை. காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. ஆண் குயில் கூட்டருகே வந்து கூவிக் காகத்தைச் சீண்ட, அது துரத்திப் போன இடைவெளியில் பெண் குயில் வேலையை முடித்துவிடும். குயிலின் முட்டை காகத்தின் முட்டையைவிட முன்னதாகப் பொரிக்கும். ஓரிரு நாள் மூத்த குஞ்சு என்பதால் அலகைத் திறந்து கேட்பதில் அதற்கு முதலிடம். ஐரோப்பியக் குக்கூப் பறவையின் குஞ்சு வளர்ப்புத் தாயின் முட்டைகளைக் கூட்டிலிருந்து தள்ளிவிடும். குயில் குஞ்சு பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. காகக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்கிறது. வங்காளதேசத்தில் நடந்த ஆய்வுகளில் காகம் மட்டுமல்ல, மைனாவும் நீண்டவால் கீச்சானும் குயில் குஞ்சை வளர்ப்பது பதிவாகியிருக்கிறது. எப்படியும் கணக்கு பிசகக்கூடாது. காகம் முட்டையிடுமுன் இட்டால் முட்டை வீண். அடைகாத்து முடியும் தறுவாயில் இட்டாலும் வீண். அதனால் காகம் முதல் குச்சியை, கொழும்பில் பல வேளை முதல் கம்பித்துண்டை, தூக்கிப் போகும் முன்பே குயிலின் உடல் ஆயத்தமாகத் தொடங்கவேண்டும்.

வெப்பம் மாறவில்லை, பகலும் அதிகம் நீளவில்லை என்றால் உடல் எதைப் பார்த்து ஆயத்தமாகிறது? பனாமாவின் காடுகளில், ஏறத்தாழ கொழும்பைப் போலவே நிலநடுக்கோட்டுக்கு அருகே, வாழும் புள்ளி எறும்புப்பறவையைக் கொண்டு மிக்கேலா ஹவ்வும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். பகல் வெறும் 17 நிமிடம் நீண்டதும் ஆண் பறவையின் இனப்பெருக்க உறுப்பு வளரத் தொடங்கியது, பாட்டும் கூடியது. வெப்பவலயத்துப் பறவை பகல் நீளத்தைக் கவனிக்காது என்ற நெடுங்கால எண்ணத்தை அது உடைத்தது. மரங்களுக்கும் இப்படி ஒரு நுட்பம் உண்டு. 2005இல் ரொல்ஃப் போர்கர்ட்டும் குழுவினரும், நிலநடுக்கோட்டருகே ஒரே காலத்தில் பூக்கும் மரங்கள் பகலின் நீளத்தையன்றி, சூரியன் உதிக்கும், மறையும் நேரங்களின் நகர்வை உணர்கின்றன என்று வாதிட்டனர். கொழும்பில் அந்த நகர்வு சிறிதல்ல. நவம்பர் நடுவில் மாலை 5.50 அளவில் மறையும் சூரியன் பெப்ரவரி நடுவில் 6.20ஐத் தாண்டி மறைகிறது. ஜனவரி கடைசியில் 6.28 அளவில் உதிப்பது ஏப்ரல் நடுவில் 6.02க்கு வந்துவிடுகிறது. அலுவலகத்துக்குப் புகையிரதம் பிடிப்பவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். மரமும் கவனித்திருக்கலாம்.

ஏப்ரல் 5 முதல் பத்து நாட்களுக்குச் சூரியன் தெற்கிலிருந்து வடக்காக இத்தீவைக் கடக்கிறது. எந்த ஊர்களுக்கு எத்தனை மணிக்கு உச்சம் கொடுக்கிறது என்று வளிமண்டலவியல் திணைக்களம் தினமும் அறிவிக்கும். கொழும்பின் முறை முதல் வாரத்தின் முடிவில் வருகிறது. நண்பகல் கழிந்து பத்து நிமிடமளவில் கம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும்.

இதே வாரங்களில் வளவின் ஒரு பகுதி காலியாகிறது. ஐரோப்பிய வசந்தம் என்றால் பறவைகள் திரும்பி வருவது. நுகேகொடையில் அது புறப்படுவது. வடக்கின் வசந்தத்தின் முதல் அசைவு இங்கேதான் தெரிகிறது என்பது, இந்தப் பருவத்தைப் பற்றிச் சொல்லக்கூடியவற்றில் மிகவும் வியப்பானது. ஒக்டோபரிலிருந்து மதிலோர நிழலில் சருகைப் புரட்டிப் புழு தேடிய ஆறுமணிக் குருவி ஏப்ரலுக்குள் போய்விடும். காலை ஆறு, மாலை ஆறு என்று இரண்டு வேளை குரல் கொடுத்ததால் பெற்ற பெயர் அது. சிங்களத்தில் அதன் பெயர் அவிச்சியா. ஐம்பது, அறுபது கிராம் எடையும் குட்டை வாலும் கொண்ட, தரையை விட்டுப் பறக்கவே தயங்குவது போலத் தோன்றும் இந்தப் பறவை இரவுகளில் கடலைக் கடந்து மத்திய இந்தியக் காடுகளுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் போகிறது. அதன் கூடும் குஞ்சும் அங்கேதான். பழுப்புக் கீச்சான் இன்னும் தொலைவு போகிறது: மங்கோலியா, கிழக்குச் சைபீரியா. ஆறு மாதம் ஒரே வேலிமூலையைத் தன் எல்லையாக வைத்துக்கொண்டு கரகரத்த குரலில் யாரையும் அண்டவிடாமல் இருந்த பறவை அது.

அரசவால் ஈப்பிடிப்பானில் இரு வகையினர் இத்தீவில் இருக்கிறார்கள். செம்பழுப்பு உடலோடு இங்கேயே வாழ்பவர்களின் ஆண், வயதானாலும் வெள்ளையாவதில்லை. இந்தியாவிலிருந்து வந்து போகிறவர்களில் வளர்ந்த ஆண் தூய வெள்ளை. ஓரடி நீள வால்நாடாக்களை இழுத்துக்கொண்டு மரத்துக்கு மரம் பறக்கும். சிங்களத்தில் அதற்கு வெள்ளைத் துணித் திருடன் என்று பெயர். மார்ச் கடைசியில் ஒரு நாள் அந்த வெள்ளை நாடா வளவில் இருக்காது.

போகவேண்டிய நாளை இவற்றுக்கு யார் சொல்கிறார்கள்? வடக்கில் பனி உருகுவதை நுகேகொடையிலிருந்து அறிய வழியில்லை. ஜேர்மனியில் எபர்ஹார்ட் க்வின்னர் 1960களிலிருந்து செய்த பரிசோதனைகள் இதற்கு விடை தந்தன. ஆபிரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும் சிறு கதிர்க்குருவிகளை, ஒளி நேரமும் இருள் நேரமும் மாறாத அறையில் வளர்த்தார். வசந்தம் வந்ததும் அவை இரவில் அமைதியிழந்து தத்தத் தொடங்கின, கொழுப்புச் சேர்த்தன, இறகு மாற்றின. ஆண்டுக் கடிகாரம் உடலுக்குள்ளேயே இருந்தது. வெளிச்சம் அதைத் திருத்துகிறது, ஓட்டுவது உடல்தான்.

பறவைகள் போன பின் வளவு வெறுமையாவதில்லை. கொன்றை சரம்விட ஆயத்தமாகும். அதன் தளிரில் எலுமிச்சை மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். பெப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையே சில ஆண்டுகளில் இவை ஆயிரக்கணக்கில் ஒரே திசையில் வீதிகளையும் கூரைகளையும் கடந்து போகும். சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகின்றன என்பது பழைய நம்பிக்கை.

கறிவேப்பிலையைப் பார்க்க வளவுகூடத் தேவையில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடியின் பால்கனியில் ஒரு பூச்சாடி போதும். மார்ச் மழைக்குத் தளிர்த்ததும் கறிவேப்பிலை அழகி என்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சி தேடி வந்து, தளிருக்கு ஒன்றாக முட்டை வைக்கும். இளம்புழு பறவை எச்சம் போலவே இருக்கும். வளர்ந்த புழு இலைப்பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னிருந்து சிவந்த கவட்டை ஒன்றை நீட்டிக் கெட்ட மணம் பரப்பும். இதன் பெண்களில் ஒரு பகுதி தன் ஆணைப் போல இராமல், பறவைகள் உண்ண மறுக்கும் நச்சு வண்ணத்துப்பூச்சிகளின் வேடம் பூண்டிருக்கும். ஒரே தாயின் பெண்களுக்குள்ளேயே வெவ்வேறு வேடங்கள் வரலாம் என்பதை அல்பிரட் ரசல் வாலஸ் 1865இல் விரிவாக எழுதினார். அந்த வேடத்தை மாற்றும் மரபணு ஒன்றேயென்று, பெங்களூரின் கிருஷ்ணமேக் குண்டே முதலியோர் 2014இல் கண்டறிந்தனர். பூச்சிகளில் ஆண், பெண் உடலமைப்பைத் தீர்மானிக்கும் அதே மரபணு. இரசத்துக்கு இலை பறிக்கும் கை, அந்தப் புழுவை எறியாமல் விட்டால் சில வாரங்களில் இந்த அறிவியலைக் கண்ணால் காணலாம்.

பிறகு ஏப்ரலின் மாலை இடிமழைகள். முதல் கனத்த மழை முடிந்த இரவில் நிலத்திலிருந்து ஈசல் எழுந்து விளக்கை மொய்க்கும். பல்லியும் தேரையும் வௌவாலும் அன்று நிறைய உண்ணும். அதே இரவில் தண்ணீர்த் தாங்கிக்கு மேலே, சுவரிலோ இலையிலோ, வெள்ளை நுரைப்பந்து ஒன்று ஒட்டியிருக்கக்கூடும். அது இத்தீவுக்கே உரிய மரத்தவளை ஒன்றின் வேலை. பெண் தவளை தான் சுரக்கும் திரவத்தைப் பின்னங்கால்களால் அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடுகிறது. வெளிப்புறம் காய்ந்து இறுக, உள்ளே ஈரம் காக்கப்படும். சில நாளில் வாற்பேத்தைகள் கீழே உள்ள நீரில் விழும். கீழே தொட்டி மூடப்பட்டிருந்தால் விழுவது சீமெந்தில்.

நுகேகொடையின் வளவுகள் இத்தனை உயிர்களைத் தாங்குவதற்கு அவற்றின் சுற்றுப்புறமும் காரணம். நாவல, பெத்தகான, தியவன்னா என்று சதுப்புகள் அருகிலேயே கிடக்கின்றன; 2018 ஒக்டோபரில் ராம்சார் ஈரநில நகரங்கள் என்று முதன்முதலாக அறிவிக்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. சதுப்புக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வளவுக்கு இல்லை. ஒரு காணி இரண்டாகி, இரண்டு நான்காகி, முற்றம் முழுவதும் இன்டர்லொக் கல் பதிக்கப்படும்போது ஆறுமணிக் குருவிக்குப் புரட்டச் சருகில்லை, ஈசலுக்கு எழ மண்ணில்லை. மூலையில் ஒரு பாய் அகலத்துக்குச் சருகைக் கூட்டாமல் விடுவதும், பொந்துள்ள பட்ட மரத்தை ஆபத்தில்லாத உயரத்தில் நிறுத்திவைப்பதும் யாரும் செய்யக்கூடியவை. இந்தப் பருவத்தில் அவற்றால் வரும் பயன் மிகப் பெரிது.

பார்ப்பதை எழுதி வைப்பதும் அப்படியே. இங்கிலாந்தின் நோர்போக்கில் ரொபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் தன் தோட்டத்தில் முதல் பூ, முதல் தளிர், முதல் குக்கூ ஒலி ஆகியவற்றின் நாளைக் குறிக்கத் தொடங்கினார். அவரது சந்ததியினர் 1958 வரை தொடர்ந்தார்கள். கியோட்டோவின் செர்ரிப் பூக்களுக்கு 1,200 ஆண்டுக் குறிப்பு இருப்பதால்தான், 2021 மார்ச் 26இல் அவை முழுமையாக மலர்ந்தபோது அதுவே அதுவரை அறிந்தவற்றுள் மிக முந்திய நாள் என்று சொல்ல முடிந்தது. கேரளத்தில் சீசன்வாட்ச் திட்டத்தில் பாடசாலைப் பிள்ளைகள் வாரந்தோறும் மரங்களைப் பார்த்துப் பதிகிறார்கள். விசுவுக்குப் பூக்கவேண்டிய கொன்றை பல வாரம் முந்திப் பூப்பது பேச்சாக நிற்காமல் தரவாக மாறியது அதனால்தான். இலங்கையில் பறவைகளுக்கு இப்படி ஒரு மரபு உண்டு. 1943இல் தொடங்கிய இலங்கைப் பறவைக் கழகத்தின் குறிப்புகளும், 1976இல் உருவாகிக் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் களப் பறவையியல் குழுவின் கணக்கெடுப்புகளும் எப்போது எது வந்தது, போனது என்று காட்டுகின்றன. மரங்களுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் அதே அளவு கவனம் வேண்டும்.

அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கொப்பியில் நாளும் இடமும் எழுதினால் போதும்: முருக்கின் முதல் பூ விரிந்த நாள், கடைசி ஆறுமணிக் குருவியின் குரல் கேட்ட நாள், ஈசல் எழுந்த இரவு, அன்று பெய்த மழை. குயில் முதலில் கூவிய நாளுக்கும் காகம் முதல் குச்சியைத் தூக்கிய நாளுக்கும் இடையே எத்தனை வாரம் என்பதை ஒரே ஒழுங்கையில் பத்து வீட்டார் ஐந்து ஆண்டு குறித்தாலே, குயில் மழையைப் பின்பற்றுகிறதா, சூரியனைப் பின்பற்றுகிறதா, காகத்தைத்தான் பின்பற்றுகிறதா என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கலாம்.